மருந்தடிக்காத வரிசை

பாறை என்று மூன்று பேர் கைவிட்டுப் போன இடத்தில் கிணறு வெட்டித் தண்ணீர் கண்டவன் நான். சித்தேரி மலை அடிவாரத்தில், ஆடு ஏறவே யோசிக்கிற மேட்டுக்கு மண் கொட்டிப் பாதை போட்டேன்; இன்று அதில் டெம்போ போகிறது. மாடி வீடு கட்டினேன். கொத்தனார் வேலை தவிர மற்றதெல்லாம் நானும் என் மனைவியும் சுமந்தது. எங்கள் ஊரில் முதன்முதலில் சொட்டுநீர்க் குழாய் ஓடியது என் நிலத்தில்தான். கடைசியாக, மலைக்குளிரில் மட்டும்தான் வரும் என்று எல்லாரும் அடித்துச் சொன்ன ஹைட்ராஞ்சியாப் பூவை இந்த வெயிலில் வலை கட்டி வளர்த்து, பெங்களூர்க் கல்யாண மண்டபங்களுக்கு அனுப்பினேன். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் செய்த வேலைகள் இவை. யாரும் சொல்லித் தரவில்லை. எந்த இடத்திலும் ‘எனக்குத் தெரியாது’ என்று நான் நின்றதில்லை.

அப்படிப்பட்ட என்னை ஒரே ஒரு மனிதர் குழப்பினார். உயிரோடு இருந்தபோது மூன்று வருஷம் குழப்பினார். இறந்த பிறகும் விடவில்லை.

பாப்பிரெட்டிப்பட்டியில் பூச்சிமருந்துக் கடை வைத்திருந்தார். பெயர் வேண்டாம், கடையில் பெயர்ப் பலகையும் கிடையாது. சாயம் போன பச்சைக் கதவு, உள்ளே நாலைந்து தட்டு, தட்டில் பாதி காலி. குட்டையான ஆள். சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் ஒரு பூதக்கண்ணாடி. மற்ற மருந்துக் கடைகளில் ‘மஞ்சளா இருக்குங்க’ என்று சொல்லி வாய் மூடுவதற்குள் நாலு பாட்டில் மேசைக்கு வந்துவிடும். இவர் கடையில் எதுவும் வராது. கேள்விதான் வரும்.

“இலையத் திருப்பிப் பாத்தீங்களாண்ணா?”

“எதுக்குத் திருப்பணும்? மேலேயே தெரியுதே.”

“மேல தெரியறது முடிவுங்கண்ணா. ஆரம்பம் அடியில இருக்கும். போய்த் திருப்பிப் பாத்துட்டு வாங்க.”

பன்னிரண்டு கிலோமீட்டர் வண்டி ஓட்டிப் போனவனை இப்படித்தான் திருப்பி அனுப்பினார். திருப்பிப் பார்த்துவிட்டு வந்து, கண்டதை விவரமாகச் சொன்னால் கேட்டுக்கொண்டே இருப்பார். அப்புறம் தலையை ஆட்டிவிட்டு, “என்னன்னு தெரியலைங்க” என்பார்.

ஒரு வியாபாரி ‘தெரியலை’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. டாக்டர் சொல்ல மாட்டார், ஜோசியர் சொல்ல மாட்டார், மெக்கானிக்கும் சொல்ல மாட்டார். இவர் ஒரு நாளைக்குப் பத்துத் தரம் சொல்வார். சொல்லும்போது முகத்தில் வெட்கமோ வருத்தமோ இருக்காது. மழை பெய்கிறது என்று சொல்கிற மாதிரி சொல்வார்.

நான் அவரிடம் போய்ச் சேர்ந்ததற்கு அந்தப் பூதான் காரணம். சாமந்தி மூட்டை ஏற்றிக்கொண்டு பெங்களூர் போகிற வண்டியில் கூடப் போவேன். ஒரு தடவை மண்டபம் ஒன்றில் மேடை அலங்காரத்துக்கு வைத்திருந்த பூவைப் பார்த்தேன். ஒரே காம்பில் நூறு பூ சேர்ந்து தலை அளவு உருண்டை. ஏற்காட்டில் ஒரு பங்களாத் தோட்டக்காரரைப் பிடித்துப் பதியன்கள் வாங்கி வந்தேன். முக்கால் வெயிலைத் தடுக்கிற பச்சை வலை, எட்டு வரிசை, வரிசைக்கு எழுபது செடி. ஹைட்ராஞ்சியா என்கிற பெயர் என் மனைவிக்கு வாயில் நுழையவில்லை. பந்துப்பூ என்றாள். ஊரும் அதையே பிடித்துக்கொண்டது.

அவளுக்கு அந்தப் பூ மேல் முதலிலிருந்தே பிடிப்பு இல்லை. அந்த வலைக்கு அடியில் தக்காளி நாற்று விட வேண்டும் என்பது அவள் எண்ணம். பாலக்கோட்டுப் பக்கம் அவள் அண்ணன் அதில்தான் வீடு கட்டினார்.

“வாசன உண்டா அதுக்கு? சாமிக்கு வைக்கலாமா? தலையில வைக்கலாமா? எதுக்கு ஆவும் அது?” என்பாள்.

முதல் வருஷம் இலை மேல் வெள்ளையாக மாவு பூத்தது. கடைக்காரரிடம் ஓடினேன். எச்சில் தொட்ட கட்டை விரலால் இலையைத் தேய்த்துப் பார்க்கச் சொன்னார். தேய்த்தால் போகிறது, மூன்று நாளில் திரும்ப வருகிறது என்றேன். “அப்ப சாம்பல் நோயா இருக்கலாம். இருக்கலாம்னுதான் சொல்றேன்” என்றார். அதிகம் பூத்த இலைகளைக் கிள்ளிக் கொண்டுபோய் எரிக்கச் சொன்னார். காற்று புகுகிற மாதிரி செடிக்குச் செடி இடம் விடச் சொன்னார். வெயில் தாழ்ந்த பிறகு, தண்ணீரில் கலக்கிற கந்தகத் தூளை மட்டும் கொஞ்சமாக அடிக்கச் சொல்லிக் கொடுத்தார்.

அதே வாரம் இலையின் அடியில் நூலாம்படை மாதிரி ஒன்று படர்ந்திருந்தது. மேலே ஊசியால் குத்தின மாதிரி மஞ்சள் புள்ளிகள். அதையும் சொன்னேன். சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரில் ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தார்.

“இத இலைக்கு அடியில பிடிச்சு, மேல ரெண்டு தட்டுத் தட்டுங்க. தூசி விழும். ரெண்டு நிமிசம் பாருங்க. தூசி நடந்தா வாங்க.”

நடந்தது. செம்பேன். கண்ணாடி போடாமல் தெரியாத அளவு, ஆனால் நடந்தது. மருந்து கேட்டேன். “தண்ணிக் குழாய இலைக்கு அடியில காட்டி நல்லா பீச்சி அடிங்க, ஒரு வாரம். மிச்சம் இருந்தா வேப்பெண்ணெய் பாக்கலாம்” என்றார்.

ஒரு மனிதர் கடை திறந்து வைத்துக்கொண்டு தண்ணீரை மருந்தாகச் சொன்னால் என்ன நினைப்பது? எனக்குக் கோபம் வந்தது. பக்கத்துக் கடையில் வேப்பெண்ணெயை வாங்கி, அவர் கொடுத்த கந்தகத்தோடு ஒரே டேங்கில் கலந்து அடித்தேன். ஒரு வேலையில் இரண்டு வேலை. எங்கள் பக்கம் எல்லாரும் அப்படித்தான். பூச்சிக்கு, நோய்க்கு, சத்துக்கு என்று மூன்றையும் கலக்காமல் டேங்கைத் தோளில் மாட்டுகிற விவசாயியை நான் பார்த்ததில்லை.

நாலாம் நாள் இலை நுனியெல்லாம் தீய்ந்து சுருண்டது. ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு போய் அவர் மேசையில் போட்டேன்.

“உங்க கந்தகத்தோட லட்சணத்தப் பாருங்க.”

அவர் கிளையை முகர்ந்து பார்த்தார். “எண்ணெ வாசம் வருதுங்களே.”

“ஆமா. ரெண்டையும் சேத்து அடிச்சேன்.”

“எதால தீஞ்சுச்சுன்னு இப்ப எப்படிண்ணா கண்டுபிடிக்கிறது? ஒண்ண அடிச்சிருந்தா ஒண்ணப் பத்தித் தெரிஞ்சிருக்கும். ரெண்டு அடிச்சு ரெண்டும் தெரியாமப் போச்சு.” சொல்லிக்கொண்டே காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எதையோ எழுதினார். மேசை ஓரத்தில் ஒரு வளைந்த கம்பி நின்றது, அதில் குத்தினார். அந்தக் கம்பியில் இப்படி எத்தனையோ தாள்கள். அது எல்லாமே பிழைத்த பயிர், பிழைக்காத பயிர் பற்றியது என்று பின்னால்தான் தெரிந்தது. இன்னாருடைய தோட்டம், இன்ன செடி, என்ன தெரிந்தது, என்ன செய்தார்கள், என்ன ஆனது. பல தாள்களின் கடைசி வரி ‘தெரியவில்லை’.

“கந்தகமும் எண்ணெயும் சேரக் கூடாதுன்னு டப்பாவுலயே போட்டிருக்காம்ல” என்று பக்கத்தில் உரம் வாங்க வந்தவர் சிரித்தார். எனக்குப் படிக்கத் தெரியும், பொடி எழுத்துத்தான் தெரியாது. கடைக்காரர் அந்த ஆளைப் பார்த்து, “நீங்க போன மாசம் கத்திரிக்கு என்ன கலந்தீங்கன்னு நான் சொல்லட்டுங்களா?” என்றார். அந்த ஆள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். கடைக்காரர் என்னைக் காப்பாற்றினாரா, அந்த ஆளை வெட்கப்படுத்தினாரா, அதுவும் எனக்குக் குழப்பம்தான்.

இரண்டாம் வருஷம் மாசி வெயிலில் செடிகள் மத்தியானம் ஆனால் துவண்டு தொங்கின. வாடல் நோய் என்று முடிவு கட்டி இரண்டு வேளைத் தண்ணீரை நாலு வேளையாக்கினேன். கடைசி வரிசையில் ஆறு செடி வேர் அழுகிப் போயின. கடைக்காரரிடம் சொன்னபோது, “காலைல ஆறு மணிக்கு எப்படி நிக்குதுன்னு பாத்தீங்களா?” என்று கேட்டார். பார்க்கவில்லை. போய்ப் பார்த்தேன். காலையில் எல்லாச் செடியும் நிமிர்ந்து நின்றது. அது நோயே இல்லை. அகல இலைச் செடி. வெயிலுக்கு மயங்கிச் சாயங்காலம் எழுந்துகொள்கிற ஜாதி. ஆறு செடியைக் கொன்றது என் தண்ணீர்.

“நோய்னு நெனச்சு வைத்தியம் பண்ணி நோய வரவழைக்கிற கை உங்க கை” என்றாள் என் மனைவி. கடைக்காரர் அப்படிச் சொல்லவில்லை. தாளில் எழுதிக் குத்திக்கொண்டார், அவ்வளவுதான்.

ஏற்காட்டில் நீலமாக இருந்த பூ என் நிலத்தில் ரோஸாகப் பூத்ததையும் அவரிடம்தான் கொண்டு போனேன். அது வியாதியா என்று கேட்டேன். நெடுநேரம் பூவைப் பார்த்துவிட்டு, “நம்ம பக்கத்துக் கெணத்துத் தண்ணி காரத் தன்மைங்கண்ணா. அதுக்கு இது அப்படித்தான் பூக்கும்னு கேள்விப்பட்டிருக்கேன். நேர்ல இன்னிக்குத்தான் பாக்கறேன். நல்லாத்தான் இருக்கு” என்றார். நல்லா இருக்கிறது என்று அந்தப் பூவைப் பார்த்துச் சொன்ன முதல் ஆள் அவர்.

மூன்றாம் வருஷம்தான் பெரிய அடி. அந்த வருஷம் சித்திரை, வைகாசி முகூர்த்தங்களுக்குப் பூ வேண்டும் என்று பெங்களூர் அலங்காரக்காரர் ஒருவர் நேரில் வந்து பார்த்துப் போயிருந்தார். என் மனைவியும் கெடு வைத்துவிட்டாள்.

“சித்திரை வரைக்கும் வாயத் தொறக்க மாட்டேன். அதுக்குள்ள பூத்தா உங்க பூ. இல்லைன்னா உங்க கையாலயே புடுங்கிப் போட்டுட்டு எனக்கு நாத்துக்கு வுடணும்.”

சரி என்றேன். அவள் அண்ணன் முன்னால் சரி என்றேன். என் வாழ்க்கையில் நான் நட்டதை நான் பிடுங்கியது கிடையாது.

பொங்கல் கழிந்து மூன்று வாரத்தில் இலைகள் மஞ்சளாகத் தொடங்கின. முதலில் குருத்து. இலை முழுக்க வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாகக் கோடு போட்ட மாதிரி நின்றது. எட்டு வரிசையும் ஒரே மாதிரி. திருப்பிப் பார்த்தேன், அடியில் எதுவும் இல்லை. காலண்டர் தாளில் தட்டினேன், விழுந்த தூசி தூசியாகவே கிடந்தது. தேய்த்தேன், மாவு இல்லை. அசுவினிப் பூச்சி இல்லை, எறும்பு இல்லை. அவர் சொல்லியிருந்த எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டுத்தான் கடைக்குப் போனேன்.

“மொதல்ல மஞ்சளானது பழைய இலையா, புது இலையா?”

“புதுசு.”

“பொங்கலுக்கு வெள்ளை அடிச்சீங்களாண்ணா?”

ஊர்க்கதை கேட்கிறார் என்று நினைத்தேன். நான் என்ன குறைந்தவனா? “வூடு, மாட்டுக் கொட்டாய், வலை கட்டின கல்லுக்கால் எல்லாத்துக்கும் அடிச்சோம். தண்ணித் தொட்டிக்கு உள்ளயே மூணு கோட்டு. பாசி ஒட்டாது பாருங்க. மீந்த சுண்ணாம்புப் பாலக்கூட வீணாக்கல, தொட்டித் தண்ணியிலயே ஊத்திட்டேன். தண்ணி சுத்தமாவும்ல.”

“சரி” என்றார். அப்புறம், “என்னன்னு தெரியலைங்க. நாளைக்கு வந்து பாக்கறேன்” என்றார்.

நாளைக்கு வரவில்லை. இரண்டு வாரம் வரவில்லை. அவர் மனைவிக்கு உடம்பு சரியில்லை என்று சேலத்தில் இருந்தார். அந்த இரண்டு வாரமும் நான் பட்ட பாடு. தொட்டியிலிருந்து தினமும் தண்ணீர் விட்டேன். செடி வெள்ளைக் காகிதமாக மாறிக்கொண்டே வந்தது. இலை ஓரம் காய ஆரம்பித்தது. என் மனைவி ஒரு நாள் வலைக்குள் வந்து, ஒரு குருத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு வெளியே போனாள். அடுத்த வெள்ளிக்கிழமை வாசல் கல்லுக்காலில் பூசணிக்காய் தொங்கியது. கண்ணேறு என்று நினைத்திருக்கிறாள். பிடுங்கச் சொன்னவளே கட்டியிருக்கிறாள். அதையும் நான் கேட்கவில்லை.

கடைக்காரர் மொபட்டில் வந்து இறங்கினார். வரிசை வரிசையாக நடந்தார். கடைசியில் தொட்டிக்குப் போய், உள்சுவரில் விரலை வைத்து இழுத்தார். விரல் வெள்ளையாக வந்தது. அந்த விரலை என்னிடம் நீட்டினார். எனக்குப் புரிந்துவிட்டது. அவர் அப்போதும், “இதாத்தான் இருக்கும்னு நெனைக்கறேன். ஆனா தெரியலைங்க” என்றார்.

“தெரியலைன்னு சொல்லாதீங்க. அன்னிக்கே கேட்டீங்க, வெள்ளை அடிச்சீங்களான்னு. அன்னிக்கே சொல்லியிருந்தா ரெண்டு வாரம் விசத்த ஊத்தியிருக்க மாட்டேனே.”

“அன்னிக்கு சந்தேகம்தாண்ணா. சந்தேகத்த மருந்து மாதிரி எடுத்துக் குடுக்கக் கூடாதுங்க.” விரலைத் துடைத்துக்கொண்டே, “நாளைக்கு வரேன்னு சொன்னேன், வரல. அது என் தப்பு” என்றார்.

இன்றைக்கும் எனக்கு இது விளங்கவில்லை. அவருக்கு அன்றே தெரியுமா? தெரிந்தும் சொல்லவில்லையா? அல்லது உண்மையிலேயே தெரியாமல், எல்லாரிடமும் கேட்கிற கேள்வியைக் கேட்டாரா?

இரண்டு வேலை சொன்னார். ஒன்று, தொட்டியைக் காலி செய்து, சுண்ணாம்பை முழுக்கச் சுரண்டிக் கழுவுவது. மற்றது அன்னபேதி. இரும்புச் சத்து உள்ள பச்சை உப்பு. சுண்ணாம்பு ஏறின மண்ணில் செடிக்கு இரும்பு எடுக்க முடியாது, அதனால்தான் குருத்து வெளுக்கிறது. ஆகவே இலை வழியாகக் கொடுத்துப் பார்க்கலாம் என்றார். பத்து லிட்டர் தண்ணீருக்கு ஐம்பது கிராம், இரண்டு எலுமிச்சம்பழச் சாறு, வெயிலுக்கு முன்னால், வாரம் ஒரு தடவை. அவர் கடையில் அது இல்லை. “நாட்டு மருந்துக் கடையில கேளுங்க” என்று தன் கடைக்கு எதிரே இருக்கிற கடையைச் சொன்னார்.

கிளம்பும்போது திரும்பி நின்றார்.

“ஒரு வரிசைக்கு மட்டும் அன்னபேதி வேண்டாங்கண்ணா.”

“எதுக்கு?”

“தொட்டியச் சுரண்டறீங்க, மருந்தும் அடிக்கறீங்க. சரியாச்சுன்னா எதால சரியாச்சு? போன தடவ மாதிரி ரெண்டும் தெரியாமப் போவும். நடு வரிசை ஒண்ண வுட்டு வெச்சா தெரிஞ்சுக்கலாம். அஞ்சாவது வரிசை. எனக்காக.”

மூன்று வருஷத்தில் அவர் எனக்காக என்று கேட்டது அது ஒன்றுதான். சரி என்றேன்.

தொட்டியை நானே உள்ளே இறங்கிச் சுரண்டினேன். இரண்டு நாள். கை வெந்துபோனது. ஏழு வரிசைக்கு மருந்தடித்தேன். பத்து நாளில் ஏழு வரிசையிலும் குருத்து பச்சை பிடிக்கத் தொடங்கியது. ஐந்தாம் வரிசை அப்படியே நின்றது. அப்படியே என்றும் சொல்ல முடியாது. நுனியில் ஒன்றிரண்டு இலை கொஞ்சம் தெளிந்த மாதிரி இருந்தது. வெளிச்சத்தாலும் அப்படித் தெரிந்திருக்கலாம். தினமும் அந்த வரிசைக்கு முன்னால் போய் நிற்பேன். இரண்டு பக்கமும் பச்சை, நடுவில் எழுபது செடி வெளிறிக்கொண்டு. பட்டினி போட்ட பிள்ளைக்கு இரண்டு பக்கமும் பந்தி நடக்கிற மாதிரி. மொட்டு கட்டுகிற காலம் தாண்டிக்கொண்டிருந்தது.

மாசி மகத்துக்கு என் மனைவி சொந்தக்காரர்களோடு தீர்த்தமலைக்குப் போனாள். அன்று காலை, அவள் பஸ் ஏறின கையோடு, ஐந்தாம் வரிசைக்கு அன்னபேதி அடித்தேன். எழுபது செடிக்கும், இலையைத் திருப்பித் திருப்பி. அடுத்த வாரமும் அடித்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

பங்குனிக் கடைசியில் எட்டு வரிசையும் மொட்டு விட்டது. சித்திரை முதல் வாரம் பூத்தது. பெங்களூர்க்காரர் வண்டி அனுப்பினார். என் மனைவி பூசணிக்காயை அவிழ்த்துக் கொண்டுபோய் முச்சந்தியில் உடைத்தாள். “அடுத்த வருசம் நாத்துக்கு வேற வலை கட்டிக்கலாம்” என்றாள். ஜெயித்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் கடைக்காரர் வந்தார். வந்தவர் நேராக ஐந்தாம் வரிசைக்குப் போனார். ஓர் இலையைத் திருப்பினார். பூதக்கண்ணாடியை வைத்தார். அடுத்த செடி, அதற்கடுத்த செடி. வரிசை முடியும் வரைக்கும் போய்த் திரும்பினார். பக்கத்து வரிசை இலையையும் இந்த வரிசை இலையையும் கிள்ளி உள்ளங்கையில் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தார்.

“வித்தியாசமே இல்லைங்களேண்ணா.”

“ஆமா” என்றேன்.

“அன்னபேதி தேவையே இல்ல. தொட்டியச் சுரண்டினதே போதும்.”

நான் குனிந்து சொட்டுநீர்க் குழாயை நேராக்கினேன்.

“இது ஒண்ணத் தெரிஞ்சுக்கிட்டேண்ணா” என்றார்.

தெரிஞ்சுக்கிட்டேன். அந்த வாயிலிருந்து அந்தச் சொல்லை அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை, பின்னாலும் கேட்கவில்லை. சிரித்தார். பூ ஒன்று கேட்டு வாங்கி, மொபட் கூடையில் பிள்ளையை உட்கார வைக்கிற மாதிரி வைத்துக்கொண்டு போனார். அவர் மனைவிக்காம்.

அன்றே சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆயுசு முழுக்கத் தெரியலை தெரியலை என்று சொன்ன மனிதருக்கு ஒன்று தெரிந்துவிட்ட சந்தோஷம். அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை என்று சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மைதான். வாக்குக் கொடுத்துவிட்டு மீறினவன் என்று அவர் கம்பியில் ஒரு தாளாகக் குத்தப்படுவதற்கு எனக்கு மனமில்லை. அடுத்த வாரம் சொல்லலாம், அடுத்த மாதம் சொல்லலாம் என்று போனது. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஒரு காலை கடை திறக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லை.

கடையை இப்போது அவர் மனைவி நடத்துகிறார். கம்பி அதே மேசையில் நிற்கிறது. யாராவது செடி நோய் என்று வந்தால் அந்தத் தாள்களைப் புரட்டிப் பார்த்துத்தான் பதில் சொல்கிறார்.

போன மாதம் இண்டூரிலிருந்து ஒருவர் என் தோட்டத்துக்கு வந்தார். வலைக்குள் இதே பூ போட்டிருக்கிறார். அவரும் தொட்டிக்கு வெள்ளை அடித்திருக்கிறார். அவருக்கும் நரம்பு பச்சை, இலை மஞ்சள்.

“கடைக்காரம்மா தாளக் காட்டிச்சுங்க. உங்க தோட்டத்துல மருந்தடிக்காத வரிசையும் தானாப் பொழைச்சுதுன்னு எழுதியிருக்கு. அதான் தொட்டிய மட்டும் சுரண்டிட்டு ரெண்டு மாசமா ஒண்ணும் அடிக்காம ஒக்காந்திருக்கேன். பாதிச் செடி போச்சு. அந்த வரிசைய ஒருக்காப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்” என்றார்.

அவரை ஐந்தாம் வரிசைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். செடிகள் இடுப்பளவு நின்றன. அங்கே நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். “ஒரு வாய் வார்த்த முன்னாடியே சொல்லியிருக்கலாமேங்க” என்றார். அன்னபேதி அளவை இரண்டு தடவை கேட்டு மனப்பாடம் பண்ணிக்கொண்டு போனார்.

மறுநாள் கடைக்குப் போனேன். அந்த அம்மாவிடம் சொன்னேன். கம்பியிலிருந்து அந்தத் தாளை உருவி எடுத்தார். கடைக்காரரின் கையெழுத்து, பொடி எழுத்து. அம்மாதான் படித்துக் காட்டினார்: ‘ஐந்தாம் வரிசை. மருந்து இல்லை. பிழைத்தது. தெரிந்தது.’

“இத அடிச்சுட்டு மாத்தி எழுதுங்கம்மா.”

“அவர் எழுதினத நான் எப்படிங்கண்ணா அடிக்கிறது? மத்த தாளுல பாதி தெரியலன்னு இருக்கு. இது ஒண்ணுலதான் தெரிஞ்சதுன்னு இருக்கு.” தாளைத் திரும்பக் கம்பியில் குத்திவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்கு மேல் நான் அங்கே நிற்கவில்லை.

அதனால்தான் இதை எழுதுகிறேன். அந்த வரிசை தொட்டியைச் சுரண்டியதால் பிழைத்ததா, அன்னபேதியால் பிழைத்ததா, எனக்குத் தெரியவில்லை. நான் கை வைக்காமல் இருந்திருந்தாலும் பிழைத்திருக்குமோ, அதுவும் தெரியவில்லை. அந்த ஒன்றிரண்டு குருத்து அன்றே பச்சையாகத்தான் இருந்ததோ என்னவோ. இனி அதை யாராலும் தெரிந்துகொள்ள முடியாது. முடியாமல் செய்தது நான். ஆனால் எழுபது செடி, இரண்டு வாரம், ஒவ்வொரு இலையாகக் குனிந்து திருப்பி அடித்தது என் கை. அதைச் செய்தவன் ஒருவன் இருக்கும்போது ‘மருந்து இல்லை’ என்று ஒரு தாள் நிற்கக் கூடாது. அம்மா அவர் எழுத்தை அடிக்க வேண்டாம். அதற்குக் கீழே இடம் இருக்கிறது, நான் பார்த்தேன். அந்த இடத்தில், ஐந்தாம் வரிசைக்கு இரண்டு தடவை அன்னபேதி அடித்தவர் இன்னார் என்று என் பெயரை முழுசாக எழுத வேண்டும். பொடி எழுத்தில் வேண்டாம். நான் படிக்கிற அளவுக்குப் பெரிதாக.